எட்டு மாதப் பணியும் இருநூறு ஆண்டுப் பயனும்: மட்டக்களப்பு மண்ணில் வில்லியம் ஓல்ட் அடிகளார்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், வாவிக்கரையில் உள்ள பழைய இறங்குதுறை வாசலின் அருகே ஆங்கிலேயப் போதகர் ஒருவரின் சிலை நிற்கின்றது. கல்முனை வீதியால் வந்து நகருக்குள் நுழைகின்ற பலர் அதனைக் கடந்தே தத்தம் அலுவல்களுக்குச் செல்கின்றனர். அவர் பெயர் வில்லியம் ஓல்ட் என்பதும், மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தோற்றத்துக்குக் காரணமானவர் அவரே என்பதும் இப்பகுதியில் பரவலாக அறியப்பட்ட செய்திகளாகும். ஆயினும் அவர் இம்மண்ணில் வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு மாதங்கள் மாத்திரமே என்பதையும், அந்த எட்டு மாதங்களை அடைவதற்கு அவர் எவற்றையெல்லாம் இழந்து வந்தார் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

இறைபணிக்கென ஒருவர் தமது வாழ்வை முழுமையாக ஒப்படைக்கத் தூண்டும் உள்ளுணர்வைக் கிறிஸ்தவர்கள் அழைப்பு என்பர். அழைப்பை உணர்பவர்கள் பலர். உணர்ந்ததன்பின் அதற்கு ஆம் என்று சொல்லி, சொன்ன சொல்லில் நிற்கும் துணிவு பெறுபவர்கள் சிலர். அத்துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகின்றது, அது ஒரே நாளில் வந்துவிடுகின்றதா, பலன் காணாது போனால் அது வீணா என்னும் வினாக்கள் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியவையல்ல. சைவர்களும் இஸ்லாமியர்களும் தத்தம் இல்லங்களில் இவ்வினாக்களை வேறு பெயர்களில் எதிர்கொள்ளவே செய்கின்றனர். ஆகவேதான் ஓல்ட் அடிகளாரின் வாழ்வை ஒரு சபையின் வரலாறாக மாத்திரம் கொள்ளாது, இப்பிரதேசத்து மக்கள் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வாக இங்கே நோக்குகின்றோம்.

அழைப்பும் சோதனையும்

ஜோன் வெஸ்லி 1791ஆம் ஆண்டு மறைந்தபோது இங்கிலாந்தில் அவரால் உருவான மெதடிஸ்த இயக்கம் தொழிலாளர், கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோரிடையே ஆழ வேரூன்றியிருந்தது. அதன் போதகர்களிற் பலர் செல்வக் குடும்பங்களிலிருந்தோ பல்கலைக்கழகங்களிலிருந்தோ வந்தவர்களல்லர். பகலில் தொழில் செய்து, மாலையிலும் ஞாயிறு தினங்களிலும் அயலூர்களில் பிரசங்கித்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவர் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டதாக உணர்ந்தால், அதை அவர் தாமே அறிவித்துவிட்டுப் புறப்பட்டுவிட இயலாது. அவரது அழைப்பு மெய்யானதா என மூத்தவர்கள் விசாரிப்பர். அவர் பிரசங்கிப்பதைக் கேட்பர். ஏற்றுக்கொண்ட பின்னரும் நான்கு ஆண்டுகள் தகுதிகாண் நிலையில் வைத்து, ஊர் ஊராக அனுப்பிப் பார்ப்பர். அதன் பின்னரே முழு உரிமையோடு போதகராக ஏற்றுக்கொள்வர்.

இந்த நடைமுறையில் ஓர் ஆழ்ந்த உண்மை உண்டு. அழைப்பு ஒருவரின் உள்ளத்தில் எழுவதாயினும், அது சமூகத்தின் முன்னிலையிலே சோதித்து உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதே அது. உணர்ச்சி மேலிட்ட ஒரு நாளின் தீர்மானத்தை அவர்கள் நம்பவில்லை. ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் தீர்மானத்தையே நம்பினர். இத்தகைய ஒழுங்கில் இங்கிலாந்தில் போதகராகப் பணியாற்றியவரே வில்லியம் ஓல்ட்.

அக்காலத்தில் ஆசியாவுக்கு மெதடிஸ்தப் பணியை எடுத்துச்செல்ல வேண்டுமெனப் பல்லாண்டுகள் போராடியவர் தோமஸ் கோக் என்னும் முதியவர். 1747இல் பிறந்த அவர், அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பதினெட்டுத் தடவை கடந்தவர். 1813ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் கூடிய மெதடிஸ்த மகாநாட்டில் தமது அறுபத்தாறாவது வயதில் அவர் இக்கோரிக்கையை முன்வைத்தபோது பலர் எதிர்த்தனர். வயது, தூரம், செலவு ஆகிய மூன்றும் தடைகளாகக் காட்டப்பட்டன. செலவுக்குத் தமது சொந்தப் பணத்திலிருந்து ஆறாயிரம் பவுண் தருவதாகக் கோக் முன்வந்தார். மகாநாடு இணங்கியது. அவரோடு செல்வதற்கு இசைந்த இளம் போதகர்களுள் ஓல்டும் ஒருவர். ஜேம்ஸ் லிஞ்ச், ஜோர்ஜ் எர்ஸ்கின், தோமஸ் ஸ்குவன்ஸ், பெஞ்சமின் கிளவ், வில்லியம் ஹார்வர்ட் ஆகியோர் ஏனைய தோழர்கள். ஓல்ட் தமது மனைவியோடு புறப்பட்டார்.

கடல் கேட்ட விலை

1813 டிசம்பர் 30ஆம் திகதி அவர்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து இரு கப்பல்களில் பயணமாகினர். கோக், ஹார்வர்ட் தம்பதியினர், கிளவ் ஆகியோர் கபால்வா என்னும் கப்பலிலும், ஓல்ட் தம்பதியினர் உள்ளிட்ட ஏனையோர் லேடி மெல்வில் என்னும் கப்பலிலும் இருந்தனர். சுயஸ் கால்வாய் வெட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட காலம் அது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் செல்ல வேண்டும். காற்றை நம்பிய பாய்க்கப்பல்களே அன்று இருந்தன.

பயணம் தொடங்கி இரு மாதங்கள்கூட நிறைவுறாத நிலையில், 1814 பெப்ரவரியில், ஓல்டின் மனைவி நோயுற்றுக் கப்பலிலேயே இறந்தார். அவரது உடல் கடலுக்கு ஒப்படைக்கப்பட்டது. கல்லறை ஒன்று அமைத்து விளக்கேற்றவும் மலர் வைக்கவும் இடமில்லாத மரணம் அது. அழைப்புக்கு ஆம் என்று சொல்லிய வேளையில் இருவராக இருந்தவர், இப்போது தனியராக நின்றார்.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. மே மாதம் 3ஆம் திகதி காலை, இந்து சமுத்திரத்தின் நடுவே, தோமஸ் கோக் தமது கப்பல் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். இக்கரை மக்களிடையே அக்காலத்தில் வழங்கிய போர்த்துக்கேய மொழியைக் கப்பலிலேயே விடாது கற்றுவந்த முதியவர், கரையைக் காணாமலே மறைந்தார். குழுவின் தலைவரும், திட்டத்தை முழுமையாக அறிந்தவரும், பணத்துக்குப் பொறுப்பானவரும் அவரே. மே மாதம் 21ஆம் திகதி பம்பாயில் இறங்கியபோது இளம் போதகர்களுக்கு வழிகாட்ட ஒருவர் இல்லை. செலவுக்கான ஏற்பாடுகள் இறந்தவரின் பெயரிலேயே இருந்தன. பம்பாய் ஆளுநர் சேர் இவான் நெப்பியனும் அங்கிருந்த வர்த்தகர் ஒருவரும் செய்த உதவியினாலேயே அவர்களால் மேற்கொண்டு பயணம் செய்ய முடிந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். பம்பாயில் ஓல்ட் திரும்பிச் செல்லத் தீர்மானித்திருந்தால் அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். மனைவியை இழந்தவர், தலைவரை இழந்தவர், அந்நிய நாட்டில் ஆதரவின்றி நிற்பவர் என்ற காரணங்கள் எந்த மகாநாட்டையும் இணங்கச் செய்யப் போதுமானவை. துணிவு என்பதைப் பெரும்பாலும் நாம் புறப்படும் நேரத்தில் தேடுகின்றோம். புறப்படும்போது உற்சாகம் துணைநிற்கும். வழியனுப்ப உறவினரும் நண்பரும் இருப்பர். திரும்பிவிடுவதற்கு நியாயமான காரணம் கையில் இருக்கும்போது திரும்பாதிருப்பதே கடினமானது. ஓல்டின் மெய்யான தீர்மானம் இங்கிலாந்தில் அன்றி, பம்பாய்க் கரையிலேயே நிகழ்ந்தது என்று கொள்வது தவறாகாது.

தனித்து விடப்பட்டவர்

ஹார்வர்ட் தம்பதியினர் பம்பாயில் தங்க, ஏனைய ஐவரும் 1814 ஜூன் 29ஆம் திகதி காலித் துறைமுகத்தை அடைந்தனர். இலங்கையின் மெதடிஸ்த வரலாறு இந்நாளிலிருந்தே கணிக்கப்படுகின்றது. அன்று கரையோர மாகாணங்கள் ஆங்கிலேயர் வசமிருந்தன. கண்டி இராச்சியம் இன்னும் சுதந்திரமாக இருந்தது. தேசாதிபதியாக விளங்கிய ரொபர்ட் பிரவுன்றிக், வந்தவர்கள் ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைகளை நடத்துவதாயின் மாதாந்தக் கொடுப்பனவு வழங்குவதற்கு முன்வந்தார். தம் வசம் பணமின்றி நின்ற போதகர்கள் அதனை ஏற்றனர்.

பின்னர் காலியிலே கூடித் தத்தம் பணியிடங்களைத் தீர்மானித்தனர். சிங்கள மொழி வழங்கும் தென்கரைக்கும், தமிழ் மொழி வழங்கும் வடக்குக் கிழக்குக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். ஐவரே இருந்தனர், இடங்களோ நான்கு. கிளவ் காலியிலும், எர்ஸ்கின் மாத்தறையிலும் நிறுத்தப்பட்டனர். லிஞ்சும் ஸ்குவன்ஸும் யாழ்ப்பாணத்துக்கு இருவராகச் செல்வதென முடிவாயிற்று. மட்டக்களப்பு ஓல்டுக்கு உரியதாயிற்று.

காலியிலிருந்தவரும் மாத்தறையிலிருந்தவரும் ஒரே கரையில் அயலவர்கள். யாழ்ப்பாணம் சென்றவர்கள் ஒருவருக்கொருவர் துணை. மட்டக்களப்புக்குச் சென்றவருக்கோ காடுகளும் கடலும் கடந்த தூரத்திலேயே அடுத்த தோழர் இருந்தார். மனைவியை இழந்து ஆறு மாதங்கள்கூட ஆகாத ஒருவருக்கு மிகத் தனிமையான இடம் கிடைத்தது. அவர் அதனை மறுக்கவில்லை.

தென்கரையிலிருந்து மட்டக்களப்புக்கு அவர் சிறு மரக்கலம் ஒன்றில் கடல்வழியாகவே வந்தார். அப்பயணம் எதிர்பார்த்ததைவிட நீண்டதாகவும் துன்பமானதாகவும் அமைந்தது. ஆகஸ்ட் மாத அளவில், கச்சான் காற்று வீசும் வெப்பகாலத்தில், அவர் புளியந்தீவில் கால்பதித்தார்.

எழுவான்கரையும் படுவான்கரையும்

அவர் கண்ட மட்டக்களப்பு இன்றைய மட்டக்களப்பன்று. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றி, பின்னர் ஆங்கிலேயர் வசமான கோட்டை புளியந்தீவில் இருந்தது. கோட்டையை அண்டிப் படையினரும் அலுவலர்களும், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழித்தோன்றல்களும் வாழ்ந்தனர். அதற்கப்பால் வாவியும் வயலும் காடும் தென்னந்தோப்புகளும் நிறைந்த பரந்த நாடு கிடந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே நெல்விளையும் நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என இம்மக்கள் இட்ட பெயர்கள் இன்றும் வழக்கிலுள்ளன.

நகரிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்து, ஒரே வாவியில் மீன்பிடித்து, ஒரே வானத்தை நம்பி வேளாண்மை செய்யும் நிலம் இது. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு நடைபெறும் ஊர்களுக்கு அயலிலேயே பள்ளிவாசல்களின் பாங்கொலியும் கேட்கும். 1924ஆம் ஆண்டு கல்லடிப் பாலம் திறக்கப்படும் வரை எழுவான்கரை ஊர்களிலிருந்து புளியந்தீவுக்கு வருபவர் தோணியேறியே வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. ஓல்டின் காலத்தில் இத்தகைய கிராமங்களிற் பிறந்த ஒரு பிள்ளைக்குத் திண்ணைப் பள்ளியில் ஏடு படிக்கும் வாய்ப்போ, பள்ளிவாசலில் ஓதும் வாய்ப்போ கிடைத்திருக்கலாம். அரசாங்கத்தோடும் வெளியுலகத்தோடும் பேசுவதற்கான கல்வி எட்டாத கனியாகவே இருந்தது.

எட்டு மாதங்கள்

இந்நாட்டிலே ஓல்ட் செய்த வேலைகளை இலகுவாகப் பட்டியலிட்டுவிடலாம். ஆங்கிலம் அறிந்தோருக்குப் பிரசங்கித்தார். தமிழ் கற்கத் தொடங்கினார். பாடசாலைகளைத் திறந்தார். எட்டு மாத காலத்துக்குள் எட்டுப் பாடசாலைகளை அவர் நிறுவியதாக மெதடிஸ்த வரலாறு கூறுகின்றது. மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கு இது. புதிய மொழி, பழக்கமற்ற உணவு, அறிமுகமில்லாத மக்கள், போக்குவரத்துக்குத் தோணியும் கால்நடையும் என்றிருந்த நிலையில் இது சிறிய காரியமன்று. ஒவ்வொரு பாடசாலைக்கும் இடம் தேட வேண்டும். கற்பிக்க ஆள் தேட வேண்டும். தம் பிள்ளையை அந்நியர் ஒருவரிடம் அனுப்புவதற்குப் பெற்றோரை இணங்கச் செய்ய வேண்டும். மூன்றிலும் கடினமானது மூன்றாவதே. தம் மதத்தைப் பறித்துவிடுவாரோ என்ற ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பு. அது காரணமற்ற ஐயமும் அன்று.

இம்மாதங்களில் மட்டக்களப்புப் பகுதியைக் கொடிய நோய் பீடித்திருந்தது. உள்ளூர் மக்கள் பலர் மாண்டனர். காலநிலையும் ஓய்வற்ற உழைப்பும் ஓல்டின் உடலைத் தளர்த்தின. அவர் நோயுற்றார். மாரி பெய்து ஓய்ந்து, வயல்கள் அறுவடை கண்ட பின், 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவர் மட்டக்களப்பிலே இறந்தார். அதற்குச் சரியாக முப்பது நாட்களுக்கு முன்னர், மார்ச் 2ஆம் திகதி, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இலங்கை முழுவதும் ஆங்கிலேய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நாட்டின் வரலாறு அந்தப் பெரும் நிகழ்வையே பதிந்துகொண்டது. நாட்டின் கீழ்க்கோடியில் ஒரு போதகர் தனித்திருந்து மறைந்தமை கொழும்பின் கவனத்தைப் பெரிதாக ஈர்த்திருக்க முடியாது.

இலங்கைக்கு வந்த அக்குழுவில் முதலில் மரித்தவர் அவரே. அவர் கண்மூடியபோது அவரது பணியைக் கையேற்பதற்கு அருகில் இன்னொரு போதகர் இருக்கவில்லை. பெரிய ஆலயம் எதையும் அவர் கட்டி முடிக்கவில்லை. தமிழைக் கற்றுத் தேர்வதற்கும் அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அன்றைய கணக்குப்படி பார்த்தால் இலாபத்தைவிட நட்டமே பெரிது. ஒரு மனைவியின் உயிர், ஒரு கணவனின் உயிர், அவற்றுக்கு ஈடாக ஆசிரியரை இழந்த சில சிறு பள்ளிக்கூடங்கள் என்றே அன்று எவரும் எழுதியிருப்பர்.

பலனை யார் கண்டனர்?

பலனைக் கண்டவர்கள் பின்வந்தவர்களே. அவர் இட்ட வித்திலிருந்து வளர்ந்த மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஆம் ஆண்டையே தனது தொடக்கமாகக் கொண்டு, இலங்கையின் மிகப் பழமையான பாடசாலைகளுள் ஒன்றாக விளங்குகின்றது. 1820இல் தொடங்கிய பெண்கல்விப் பணி வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையாக வளர்ந்தது. பெண்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதே அரிதாயிருந்த காலத்தில் அது ஏற்படுத்திய மாற்றத்தை இப்பிரதேசத்தின் பல தலைமுறைப் பெண்கள் அறிவர். மெதடிஸ்தப் பாடசாலைகள் தெற்கே கல்முனை வரை பரவின. அவற்றிலே கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றனர்.

அவரது தோழர்களின் வாழ்வும் வீண்போகவில்லை. கிளவ் சிங்கள மொழிக்குப் பேரகராதி தொகுத்தார். லிஞ்ச் 1817இல் சென்னைக்குச் சென்று தமிழகத்தில் மெதடிஸ்தப் பணியைத் தொடக்கினார். நீண்டகாலம் வாழ்ந்து பெருங்காரியங்கள் செய்தவர்களின் வரிசையிலே, எட்டு மாதங்கள் மட்டும் பணிசெய்தவரும் சம இடம் பெற்று நிற்கின்றார். விதைத்தவன் அறுவடைக்கு இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை என்பதை வேளாண்மை செய்யும் எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தென்னம்பிள்ளை நடுகின்ற எழுவான்கரை முதியவர் அதன் இளநீரைத் தாம் குடிப்பதற்காக நடுவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

ஓல்டைப் போற்றும்போது காலனித்துவ வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. மிஷனரிமார் வந்த வழி ஆங்கிலேய ஆட்சி திறந்த வழியே. அவர்களது பாடசாலைகளுக்கு அரசாங்கம் பணம் தந்ததற்கு எழுதுவினைஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தேவைப்பட்டமையும் ஒரு காரணம். கல்வியோடு மதமாற்றமும் கைகோத்து வந்தது. சொந்தச் சமயத்தையும் பண்பாட்டையும் தாழ்வாகக் கருதும் மனப்பான்மையை அது சிலரிடம் வளர்த்தது. இதனை உணர்ந்தே ஆறுமுக நாவலர், தாம் பணிசெய்த பேர்சிவல் பாதிரியாரின் யாழ்ப்பாண மெதடிஸ்தப் பாடசாலையை விட்டு நீங்கி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இதனை உணர்ந்தே அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, முஸ்லிம்கள் தமது மார்க்கத்தைப் பேணியவாறே நவீன கல்வி பெறவேண்டுமெனப் பாடுபட்டார்.

ஆனால் உற்று நோக்கினால், நாவலரும் சித்திலெப்பையும்கூட அழைக்கப்பட்டவர்களே என்பது புலனாகும். நாவலர் உறுதியான ஊதியத்தைத் துறந்தார். சித்திலெப்பை சட்டத்தொழிலின் வசதியைவிடச் சமூகத்தின் விழிப்பே பெரிதெனக் கொண்டார். ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற நம்பிக்கைகளுக்குள்ளும் அர்ப்பணிப்பின் இலக்கணம் ஒன்றாகவே இருந்திருக்கின்றது.

எமது பிரதேசத்திலேயே இதற்கு இன்னும் நெருக்கமான சான்றுகள் உள்ளன. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும், மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். விஞ்ஞானப் பட்டமும் அதிபர் பதவியும் பெற்ற அவர், அவற்றைத் துறந்து இராமகிருஷ்ண மிஷனை அடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். கிறிஸ்தவப் பாடசாலைகள் அவரைக் கிறிஸ்தவராக்கவில்லை; எனினும் தம்மைக் கொடுத்துக் கற்பிப்பது எப்படி என்பதை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும்.

அவ்வாறே இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ், 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையேற்று, இப்பகுதி முஸ்லிம்களின் கல்வி நிலையை நேரிற் கண்டார். விபுலாநந்த அடிகளுடனான நட்பும் அக்காலத்தில் அவருக்கு வாய்த்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல் எவரும் பொறாமைப்படும் சிவில் சேவைப் பதவியை விட்டு விலகி, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார். ஓர் ஆங்கிலேயர், ஒரு சைவத் துறவி, ஒரு முஸ்லிம் நிர்வாகி ஆகிய மூவரையும் இந்த வாவிக்கரை ஏதோ ஒரு வகையில் தொட்டிருக்கின்றது. மூவரும் கல்வியையே தமது அர்ப்பணிப்பின் வடிவமாகக் கொண்டமை கவனத்திற்குரியது.

துணிவின் அளவுகோல்

நம்பிக்கைக்காகத் துணிதல் என்ற சொற்றொடர் இன்று அச்சத்தையும் எழுப்புகின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதைச் செய்தவர்களும் தாம் நம்பிக்கைக்காகவே துணிந்ததாக எண்ணியிருப்பர். அக்கொடுமையை முஸ்லிம் சமூகம் வெளிப்படையாகக் கண்டித்தது. ஆயினும் குற்றமற்ற அச்சமூகத்தவர் பலர் சந்தேகப் பார்வைகளைச் சுமக்க நேர்ந்தது. போர்க்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கையால் மற்றவர் பட்ட காயங்களும் இந்த வீதியோர ஊர்களில் இன்னும் முழுதாக ஆறவில்லை.

எனவே மெய்யான அழைப்பையும் போலியான அழைப்பையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்று எமக்குத் தேவைப்படுகின்றது. அதனை ஓல்டின் வாழ்விலிருந்து பெறலாம். அவர் தமது நம்பிக்கைக்காகக் கொடுத்தவை யாவும் அவருடையவையே: தமது இல்லம், தமது நாடு, தமது உடல்நலம், இறுதியில் தமது உயிர். பிறரிடமிருந்து எதையும் பறித்து அவர் தமது அழைப்பை நிறைவேற்றவில்லை. அவர் கட்ட முயன்றவை பிள்ளைகள் வந்து அமரும் பள்ளிக்கூடங்கள். தன்னைக் கொடுத்து, அயலவரின் பிள்ளையை வாழவைக்கும் துணிவே இறைவனிடமிருந்து வருவது. பிறர் பிள்ளையின் உயிரைக் கேட்கும் துணிவு எந்தச் சமயத்தின் பெயரைச் சூடிக்கொண்டாலும் அது அழைப்பாகாது.

இல்லங்களில் எழும் வினா

இன்று செட்டிபாளையம் போன்ற ஓர் ஊரிலே, உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற மகனோ மகளோ, தான் போதகராகவோ அருட்சகோதரியாகவோ போக விரும்புவதாகச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நிகழும் என்பதை நாம் ஊகிக்கலாம். தாய் அழுவார், தந்தை பேசாதிருப்பார், உறவினர்கள் புத்தி சொல்ல வருவர். வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவேண்டிய பிள்ளை, வெளிநாடு சென்று குடும்பத்தைத் தூக்கிவிட வேண்டிய பிள்ளை என்ற பேச்சுகள் எழும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அனுபவித்த குடும்பங்களின் இந்தக் கவலையை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆலிமாகி ஊர்ப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க விரும்பும் இளைஞனின் வீட்டிலும், நகரத்துப் பாடசாலை கிடைத்தும் படுவான்கரையின் கடைக்கோடிப் பாடசாலையே போதும் என்னும் இளம் ஆசிரியையின் வீட்டிலும் இதே காட்சிதான்.

அப்பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. பிள்ளையின் அழைப்பைச் சோதித்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும். பழைய மெதடிஸ்தர் நான்கு ஆண்டுகள் சோதித்தனர். காலம் கொடுங்கள், கேள்வி கேளுங்கள், மூத்தவர்களிடம் அனுப்புங்கள். ஆனால் சோதனையில் நிலைத்து நின்ற அழைப்பை, வருமானத்தின் பெயராலோ ஊராரின் பேச்சுக்கு அஞ்சியோ முறித்துவிடாதீர்கள். முறிக்கப்பட்ட அழைப்போடு வாழ்கின்ற ஒருவர் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும், அவரது உள்ளத்தில் ஒரு வெறுமை எஞ்சியே இருக்கும்.

அழைப்பை உணர்ந்தும் தயங்கி நிற்கும் இளையோருக்கும் ஓல்டின் வாழ்வு ஆறுதலான செய்தி ஒன்றைத் தருகின்றது. வாழ்நாள் முழுவதற்கும் போதுமான துணிவை ஒரே நாளில் திரட்டிக்கொண்டு எவரும் புறப்படுவதில்லை. போர்ட்ஸ்மவுத்தில் கப்பலேறியபோது தேவைப்பட்ட துணிவு வேறு. மனைவியைக் கடலுக்கு ஒப்படைத்தபின் தேவைப்பட்டது வேறு. பம்பாயில் தேவைப்பட்டது வேறு. காலியிலே தோழர்களைப் பிரிந்து மரக்கலம் ஏறியபோது தேவைப்பட்டது இன்னும் வேறு. ஒவ்வொன்றும் அதனதன் வேளையில் அவருக்குக் கிடைத்தது. முதலாவது அடியை வைப்பதற்கு வேண்டிய துணிவு மட்டும் இன்று இருந்தால் போதுமானது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் புளியந்தீவில் பாடசாலை மணி ஒலிக்கின்றது. அதைக் கேட்டு வகுப்புக்கு விரையும் பிள்ளைகளுள் பலர் ஓல்டின் சமயத்தைச் சேர்ந்தவர்களல்லர். அவர்களைத் தம் கண்ணாற் காணாமலே அவர்களுக்காக உழைத்தவர் என்ற வகையில், வில்லியம் ஓல்ட் அடிகளார் மட்டக்களப்பு மக்கள் அனைவராலும் நன்றியோடு நினைவுகூரத்தக்கவராவார்.